தங்கையின் ஏழு ஆண்டுகள்



ஒரு டிராக்டரிலிருந்து தொடங்குகிறேன். சைபீரியாவில், பைகால் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுப்பண்ணை. வயலில் ஓர் இளைஞன் வேலை செய்துகொண்டிருக்கிறான். கட்டுப்பாட்டை இழந்த டிராக்டர் ஒன்று ஒரு சின்னப் பெண்ணை நோக்கி வருகிறது. அவள் அவனுடைய தங்கை. ஓடிப்போய்த் தூக்குவதற்கு நேரமில்லை. அவன் உடல் எஃகாக மாறுகிறது. குறுக்கே நிற்கிறான். டிராக்டர் நொறுங்குகிறது, குழந்தை பிழைக்கிறாள்.

1975இல் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட ‘ஜயண்ட்-சைஸ் எக்ஸ்-மென்’ முதல் இதழில் வரும் காட்சி இது. எழுதியவர் லென் வீன், வரைந்தவர் டேவ் காக்ரம். அந்த இளைஞன் பியோத்தர் ரஸ்புடின். பின்னாளில் கொலோசஸ் என்று பெயர் பெற்றவன். பதின்பருவத்தின் கடைசிப் படியில் நிற்கிறவன். தங்கையின் பெயர் இல்யானா.

அந்த இதழ் எந்தச் சூழலில் வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963இல் தொடங்கிய எக்ஸ்-மென் தொடர் விற்பனையில் தளர்ந்து, 1970இல் 66ஆம் இதழோடு புதிய கதைகளை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் பழைய கதைகளையே மறுபதிப்பாகப் போட்டு ஓட்டினார்கள். 1975இல் புத்துயிர் கொடுத்தபோது பல நாடுகளிலிருந்து ஆள் சேர்த்தார்கள். கென்யாவிலிருந்து ஓரோரோ, ஜெர்மனியிலிருந்து ஒருவன், கனடாவிலிருந்து ஒருவன், சோவியத் யூனியனிலிருந்து இந்தப் பியோத்தர். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்கச் சிறுவர்கள் வாங்கிப் படிக்கும் புத்தகத்தில் ஒரு சோவியத் உழவர் வீட்டுப் பையனை நல்லவனாகக் காட்டியாக வேண்டும். அதுவும் ஓரிரு பக்கத்துக்குள். டிராக்டரும் தங்கையும் வந்தது அதற்காகத்தான். தங்கைக்காகத் தன் உடலைக் குறுக்கே போடுகிற அண்ணனை எந்த நாட்டு வாசகன் வெறுப்பான்?

காட்சி அருமையானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் இல்யானாவுக்கு என்ன வேலை? டிராக்டருக்கு முன்னால் நிற்பது. அவ்வளவுதான். அவள் யார், எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன நினைத்தாள் என்று ஒரு கோடுகூட இல்லை. அண்ணனின் நற்குணத்துக்கு அவள் ஒரு சான்று. இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். வீரனுடைய தம்பியையும் தங்கையையும் ஆபத்தில் நிறுத்துவது காமிக்ஸ் உலகத்தின் பழைய பழக்கம். அந்த ஆபத்து யாருடைய கதை? காப்பாற்றுகிறவனுடையதா, அகப்பட்டுக்கொண்டவளுடையதா? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, பல எழுத்தாளர்களின் கைகளில், இந்தக் கேள்விக்கு இல்யானாவின் வாழ்க்கை மாறி மாறி விடை சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது.

பதின்வயது நாயகர்களுக்குக் கூடப்பிறந்தவர்களைக் கொடுக்க எழுத்தாளர்கள் பொதுவாகத் தயங்கினார்கள். ஸ்பைடர்-மேன் பீட்டர் பார்க்கருக்கு ஒரு சித்தி உண்டு, தொடக்கக் கதைகளில் கூடப்பிறந்தவர் இல்லை. காரணம் எளிது. ஒரே வீட்டில் ஒரு தம்பி இருந்தால் எந்த ரகசியம் தங்கும்? ஜன்னல் வழியாக நள்ளிரவில் உள்ளே வருகிற அண்ணனைப் பெற்றோர் பார்க்காமல் விடலாம், தம்பி விடமாட்டான். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ இதற்கு ஒரு விலக்கு. 1961இல் வந்த அதன் முதல் இதழிலேயே சூவும் அவள் தம்பி ஜானியும் ஒரே விண்கலத்தில் ஏறுகிறார்கள். நிச்சயித்த மாப்பிள்ளை போகிறார் என்று அக்கா போகிறாள், அக்கா போகிறாள் என்று தம்பி போகிறான். இருவரையும் ஒரே கதிர்வீச்சு தாக்குகிறது, இருவருக்கும் சக்தி வருகிறது. அங்கே ஆபத்து பங்கு போடப்பட்டுவிட்டது.

இந்தப் பங்கீட்டை முழுமையாகச் செய்து பார்த்தவர் லூயிஸ் சைமன்சன் என்ற பெண் எழுத்தாளர். ஓவியர் ஜூன் பிரிக்மனுடன் சேர்ந்து 1984இல் அவர் உருவாக்கிய ‘பவர் பேக்’ தொடரில் நாயகர்கள் நால்வருமே ஒரு வீட்டுப் பிள்ளைகள். அலெக்ஸுக்குப் பன்னிரண்டு வயது, ஜூலிக்குப் பத்து, ஜாக்குக்கு எட்டு, கேட்டிக்கு ஐந்து. குதிரை முகம் கொண்ட ஒரு வேற்றுக்கிரகவாசி சாகும் தறுவாயில் தன் சக்திகளை நால்வருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. பெற்றோரைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். மீட்க வேண்டியது பிள்ளைகள். மூத்தவன் என்பதால் பொறுப்பு அலெக்ஸின் தலையில் விழுகிறது. ஆனால் ஐந்து வயதுக் கேட்டியிடம் இருப்பதுதான் நால்வரிலும் அழிவுசக்தி மிக்கது. பொருள்களைச் சிதைத்து, அந்த ஆற்றலை உருண்டைகளாக வீசுவாள். கடைக்குட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சண்டைக்குப் போக மூத்தவர்களால் முடியாது, அவள் இல்லாமல் ஜெயிக்கவும் முடியாது. சண்டை முடிந்த பிறகு அவள் ஐந்து வயதுப் பிள்ளை அழுவதைப் போலவே அழுவாள். குழந்தைகளின் பயத்தை அந்தத் தொடர் ஒருபோதும் செல்லமாக்கிக் காட்டவில்லை. சுரங்கங்களில் வாழ்ந்த மோர்லாக் இனத்தவர் கொன்று குவிக்கப்பட்ட கதைக்குள்கூட இந்தப் பிள்ளைகள் நுழைய வேண்டியிருந்தது. லூயிஸ் சைமன்சனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்யானாவின் கதையில் மறுபடி வருவார்.

இல்யானாவுக்குத் திரும்புவோம். டிராக்டருக்குப் பிறகு சில ஆண்டுகள் அவள் ரஷ்யாவில் இருக்கிறாள், அண்ணன் அமெரிக்காவில். 1981இல் அவளை மறுபடி கதைக்குள் கொண்டுவருகிறார்கள். எப்படி? கடத்தல். எக்ஸ்-மென் குழுவைப் பணியவைக்க அவர்களுடைய உற்றார் உறவினரைப் பிணைக்கைதிகளாகப் பிடிக்கிறார்கள், அதில் ஒருத்தி இந்தக் குழந்தை. மீண்டும் ஒரு தூண்டில் புழு. மீட்ட பிறகு அவள் எக்ஸ்-மென்னுடனேயே தங்கிவிடுகிறாள். எழுதிக்கொண்டிருந்தவர் கிறிஸ் கிளேர்மாண்ட். 1975 முதல் 1991 வரை அந்தத் தொடரைத் தாங்கியவர். இந்தக் குழந்தையை அவர் சும்மா வைத்திருக்கவில்லை.

1982 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அன்கேனி எக்ஸ்-மென்’ 160ஆம் இதழ். ஓவியம் ப்ரெண்ட் ஆண்டர்சன். இல்யானாவுக்கு ஆறேழு வயது. எங்கிருந்தோ ஒரு குரல் அவளை அழைக்கிறது, அவள் போகிறாள். தேடிப்போன எக்ஸ்-மென் லிம்போ என்ற இருள் உலகத்தில் விழுகிறார்கள். காலம் நேராக ஓடாத இடம் அது. பெலாஸ்கோ என்ற மந்திரவாதி அதை ஆள்கிறான். அங்கே அவர்கள் தங்களையே பார்க்கிறார்கள். வேறொரு காலக்கோட்டில் இதே மீட்புக்கு வந்து தோற்றுப்போன எக்ஸ்-மென். செத்துப்போன தன்னையே பியோத்தர் காண்கிறான். ஓரோரோ, முதுமையடைந்து சூனியக்காரியாக மாறிய தன்னைச் சந்திக்கிறாள். அந்த முதியவளின் உதவியால் வீட்டுக்கு ஒரு வழி திறக்கிறது. ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். கிட்டி பிரைட் என்ற பதின்வயதுப் பெண் இல்யானாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். வாசலில் பிடி நழுவுகிறது. கிட்டி கையை உள்ளே நீட்டித் துழாவுகிறாள். மறுபடி ஒரு கை கிடைக்கிறது. இழுக்கிறாள்.

வெளியே வருவது குழந்தை அல்ல. பதின்மூன்று வயதுப் பெண்.

கிட்டிக்கு அது ஒரு கணம். உள்ளே இருந்தவளுக்கு ஏழு ஆண்டுகள்.

காமிக்ஸ் என்ற வடிவத்தின் முழு வலிமையும் இந்த இடத்தில் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். காமிக்ஸில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வெறும் வெள்ளைக் கோடு இருக்கும். அந்த இடைவெளியில் நடப்பதை வாசகன்தான் மனத்தில் நிரப்பிக்கொள்கிறான். ஸ்காட் மெக்லவுட் 1993இல் எழுதிய ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். ஓங்கிய கை ஒரு கட்டத்தில், விழுந்த ஆள் அடுத்த கட்டத்தில். அடியை நாம் போட்டுக்கொள்கிறோம். நாவலாசிரியர் ‘ஏழு ஆண்டுகள் கழிந்தன’ என்று எழுதியாக வேண்டும். சினிமாவில் ஏதாவது ஓர் இசை, ஒரு மங்கல் வேண்டும். காமிக்ஸில் எதுவும் வேண்டாம். வழக்கமாக அரைநொடி அடங்குகிற அந்த வெள்ளை இடைவெளிக்குள் கிளேர்மாண்டும் ஆண்டர்சனும் ஒரு பெண்ணின் குழந்தைப்பருவம் முழுவதையும் போட்டு மூடிவிட்டார்கள். நாம் எதையும் நிரப்ப முடியவில்லை, நமக்குத் தெரியாது. பியோத்தருக்கும் தெரியாது. டிராக்டருக்குக் குறுக்கே நிற்க முடிந்தவனுக்கு இந்த இடைவெளிக்குள் நுழைய வழியில்லை. அவன் பக்கத்திலேயேதான் இருந்தான். எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் தங்கையின் வாழ்க்கையில் ஏழு ஆண்டுகள் அவனில்லாமல் நடந்து முடிந்துவிட்டன.

அந்த ஏழு ஆண்டுகளைச் சொல்ல நான்கு இதழ்கள் கொண்ட ஒரு குறுந்தொடர் வந்தது. பெயர் ‘மேஜிக்’. முதல் இதழின் தேதி 1983 டிசம்பர். எழுத்து கிளேர்மாண்ட், தொடக்க ஓவியம் ஜான் புஸ்ஸீமா. அதில் அண்ணன் ஏறக்குறைய இல்லை. அதுதான் அதன் சிறப்பு. பெலாஸ்கோ இல்யானாவைக் கொல்ல நினைக்கவில்லை, சிஷ்யையாக்கிக்கொள்ள நினைக்கிறான். அவள் ஆன்மாவின் ஒரு பகுதியைப் பிய்த்து ரத்தக்கல் செய்கிறான். அப்படி ஐந்து கற்கள் சேர்ந்தால் அவன் வணங்கும் பழந்தெய்வங்களுக்கு உலகத்தின் கதவு திறந்துவிடும். அவளைக் காக்க இருவர் முயல்கிறார்கள். ஒருத்தி அந்த முதிய ஓரோரோ. உயிரை வளர்க்கும் மந்திரத்தைக் கற்றுத்தருகிறாள். இன்னொருத்தி கேட் என்ற பெயரில் திரிகிற, மாற்றுக்காலத்துக் கிட்டி. வாள் பிடிக்கவும் பசியைப் பொறுக்கவும் பழக்குகிறாள். ஒருத்தி மென்மையானவள், மற்றவள் கடுமையானவள். குழந்தை இருவரையும் நேசிக்கிறாள், இருவரையும் இழக்கிறாள். கடைசியில் அவளிடம் எஞ்சுவது அவளே. தன் ஆன்மாவிலிருந்தே ஒரு வாளை உருவாக்கிப் பெலாஸ்கோவை வீழ்த்துகிறாள். கொல்வதற்கு வாய்ப்புக் கிடைத்தும் கொல்லவில்லை. கொன்றால் அவனாகவே ஆகிவிடுவோம் என்ற அச்சம் அவளுக்கு. அவனை விரட்டிவிட்டு லிம்போவின் அரசியாகிறாள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வருகிறாள்.

160ஆம் இதழில் கிட்டி இழுத்துக்கொண்டு வந்ததாக நாம் நினைத்தோமே, உண்மையில் அந்தப் பெண்ணை யாரும் மீட்கவில்லை. அவள் தன்னைத் தானே மீட்டுக்கொண்டு வந்தாள். அந்த நான்கு இதழ்களைப் படித்த பிறகு முதல் கதையின் ஒவ்வொரு கட்டமும் வேறு பொருள் தருகிறது.

பிறகு அவள் ‘நியூ மியூட்டண்ட்ஸ்’ என்ற இளைஞர் குழுவில் சேர்கிறாள். ஒளிவட்டங்களைத் திறந்து இடத்தையும் காலத்தையும் தாண்டும் சக்தி அவளுக்கு. ஆனால் ஒவ்வொரு தாண்டலும் லிம்போவின் வழியாகத்தான். வீடு திரும்ப வேண்டுமானால் நரகத்தைக் கடந்தே திரும்ப வேண்டும். வாளை எடுக்கும்போதெல்லாம் உடலில் கவசம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. தன்னை நல்லவள் என்று அவளால் நம்ப முடியவில்லை. இதை அண்ணனிடம் முழுமையாகச் சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் அவன் கண்ணில் அவள் இன்னும் அந்த வயலில் நிற்கும் குழந்தைதான். பியோத்தரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் ஓர் அண்ணனுக்குத் தங்கை. காக்கப்படுவதன் நிம்மதியும் தெரியும், எத்தனை வயதானாலும் ஆறு வயதாகவே பார்க்கப்படுவதன் மூச்சுமுட்டலும் தெரியும். பியோத்தரின் பாசம் பொய்யானதல்ல. அது காலாவதியான ஒரு முகவரிக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறது.

இனி எனக்கு வருத்தம் தரும் பகுதி. 1989இல், ‘இன்ஃபெர்னோ’ என்ற பெருங்கதையில், இல்யானாவின் மூலம் லிம்போவின் அசுரர்கள் நியூயார்க்குக்குள் புகுந்துவிடுகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப அவள் தன் சக்திகளைத் துறக்கிறாள். வெறும் கவசம் கிடக்கிறது. அதற்குள்ளே ஏழு வயதுக் குழந்தை இல்யானா, லிம்போவைப் பார்க்காதவளாக. ரஷ்யாவுக்குப் பெற்றோரிடம் அனுப்பிவிடுகிறார்கள். அப்போது ‘நியூ மியூட்டண்ட்ஸ்’ எழுதிக்கொண்டிருந்தவர் லூயிஸ் சைமன்சன். ‘பவர் பேக்’கில் குழந்தைகளை அத்தனை மரியாதையாக நடத்தியவர். 160ஆம் இதழ் வந்தபோது எக்ஸ்-மென்னின் பதிப்பாசிரியரும் அவர்தான். திருடப்பட்ட குழந்தைப்பருவத்தை அந்தக் குழந்தைக்கே திருப்பிக் கொடுக்கும் கருணை என்று அவர் நினைத்திருக்கலாம். அந்தக் கருணையை நான் மதிக்கிறேன், ஆனாலும் ஏற்க முடியவில்லை. லிம்போவில் ஏழு ஆண்டு தாக்குப்பிடித்த பெண் எங்கே போனாள்? அவள் பட்டதும் வென்றதும் துடைக்கப்பட்டு, அண்ணனுக்குப் பழக்கமான அந்தச் சின்ன உருவம் மட்டும் மிஞ்சியது.

அதன் விலை 1993இல் தெரிந்தது. பெற்றோர் கொல்லப்படுகிறார்கள். குழந்தை மீண்டும் எக்ஸ்-மென் மாளிகைக்கு வருகிறாள். லெகசி என்ற வைரஸ், எக்ஸ்-மென் போன்ற பிறழ்வுமனிதர்களிடையே பரவுகிறது. ‘அன்கேனி எக்ஸ்-மென்’ 303ஆம் இதழில் அவள் அந்த நோயால் சாகிறாள். எழுதியவர் ஸ்காட் லோப்டெல். அந்த ஓர் இதழ் தனியாகப் பார்த்தால் மிக நன்றாக எழுதப்பட்டது. சண்டையே கிடையாது. சாவுக்கு முன் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்தான். ஜூபிலி என்ற பதின்வயதுப் பெண் அந்தத் துயரத்தைச் சுமக்கத் தெரியாமல் தவிப்பதை மறக்க முடியாது. ஆனால் அடுத்த இதழிலேயே அந்தச் சாவு எதற்கு வேண்டியிருந்தது என்பது வெளியாகிவிடுகிறது. இறுதிச் சடங்கின்போது எக்ஸ்-மென்னின் எதிரியான மேக்னீட்டோ வருகிறார், மனமுடைந்த பியோத்தர் எதிரணிக்குப் போகிறான். தங்கையின் சாவு அண்ணன் கதையின் ஒரு திருப்பம். டிராக்டர் காட்சியின் அதே கணக்கு, இந்த முறை டிராக்டர் நிற்கவில்லை.

காமிக்ஸில் பெண்களைக் கொன்றும் சிதைத்தும் ஆண் நாயகனுக்குத் துயரம் தேடித்தரும் வழக்கத்தை, 1999இல் கெய்ல் சிமோன் ஒரு நீண்ட பட்டியலாகவே தொகுத்துக் காட்டினார். பிற்பாடு அவரே புகழ்பெற்ற காமிக்ஸ் எழுத்தாளரானார். காதலியும் மனைவியும்தான் இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படுகிறார்கள். தம்பி தங்கைகளையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். குழந்தையின் சாவு எந்தக் கேள்வியும் இல்லாமல் வாசகனை அழவைத்துவிடும். அதனாலேயே அதை எடுத்தாளும் எழுத்தாளனிடம் கூடுதல் நேர்மையை நாம் எதிர்பார்க்க வேண்டும்.

2001இல், ‘அன்கேனி எக்ஸ்-மென்’ 390ஆம் இதழில், பியோத்தர் தன் உயிரைக் கொடுக்கிறான். லெகசி வைரஸுக்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அது காற்றில் பரவ வேண்டுமானால் ஒருவர் அதை ஏற்றிக்கொண்டு சாக வேண்டும். இன்னொரு அண்ணனுக்கு இந்த நிலை வரக்கூடாது என்று அவன் ஊசியைப் போட்டுக்கொள்கிறான். எட்டு ஆண்டு தாமதமாக மறுபடியும் டிராக்டருக்குக் குறுக்கே நிற்கிறான். படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது, இத்தனை விமர்சனத்துக்குப் பிறகும்.

காமிக்ஸ் உலகில் சாவு நிலைப்பதில்லை. 2004இல் ஜாஸ் வீடன் எழுத, ஜான் கசாடே வரைந்த ‘அஸ்டானிஷிங் எக்ஸ்-மென்’ தொடரில் பியோத்தர் திரும்பினான். 2007இல் இல்யானாவும் வந்தாள், குழந்தையாக அல்ல, வாளேந்திய பெண்ணாக. அதற்குப் பிறகு வந்தவற்றில் இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் சொல்கிறேன். 2011இல் சிட்டோராக் என்ற தெய்வத்தின் அழிவுசக்தியை ஏற்றுக்கொள்ள இல்யானா முன்வருகிறாள். அண்ணன் குறுக்கே புகுந்து அதைத் தான் வாங்கிக்கொள்கிறான். அந்தச் சக்தியின் வெறி அவனைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. அடுத்த ஆண்டு இருவருக்குமே ஃபீனிக்ஸ் என்ற பெருஞ்சக்தியின் பங்கு வந்து சேர்கிறது. எதிரியாக நிற்கும் ஸ்பைடர்-மேன் அவர்களை வாயாலேயே சீண்டிவிட, அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்திக்கொள்கிறார்கள். இந்தக் கதைகளைப் பலர் விரும்பவில்லை. எனக்கோ, அத்தனை ஆண்டு அவர்களுக்கு நடுவே அடக்கிவைத்திருந்தது அங்கேதான் வெளியே வந்ததாகத் தோன்றியது. 2011இலும் அண்ணன் செய்தது 1975இல் செய்ததையேதான். ஆனால் இப்போது எதிரே நிற்பவள் நரகத்தை ஆண்டவள், தாங்குவதற்கு அவனைவிடத் தகுதியானவள், தானாக முன்வந்தவள். அவன் அவளைக் கேட்கவே இல்லை.

2020இல் வந்த ‘தி நியூ மியூட்டண்ட்ஸ்’ திரைப்படத்தில் ஆன்யா டெய்லர்-ஜாய் இல்யானாவாக நடித்தார். அண்ணன் அந்தப் படத்தில் வரவே இல்லை. படம் பல இடங்களில் தடுமாறினாலும், தனக்கு நேர்ந்த கொடுமையைத் தானே எதிர்கொள்ளும் பெண்ணாக அவளைக் காட்டியதில் ‘மேஜிக்’ தொடருக்கு நெருக்கமாகவே இருந்தது.

இந்தக் கதைகளைப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரே ஒரு யோசனை. முதலில் 160ஆம் இதழைப் படியுங்கள். பிறகு ‘மேஜிக்’ தொடரின் நான்கு இதழ்கள். இன்று இவை ஒரே தொகுப்பாகக் கிடைத்தாலும் ஒரே மூச்சில் படித்துவிடாதீர்கள். நடுவே சில வாரங்களாவது விடுங்கள். 1982இல் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் வெளியே வந்ததைப் பார்த்த வாசகர்கள், அவளுக்கு என்ன நடந்தது என்பதை முழுமையாக அறிய ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். அத்தனை நாளும் அவர்கள் இருந்தது பியோத்தர் இருந்த அதே இடத்தில்.